மகிழுந்துக்கு உறை போட்ட கதை



புதிய கல்வியாண்டின் முதல் வாரத்தில் என் வகுப்பறைக்கு வந்து பார்ப்பவர்கள், இங்கே பாடம் நடக்கிறதா, புத்தகம் கட்டும் தொழில் நடக்கிறதா என்று ஐயுறுவார்கள். பாடப்புத்தக இரவல் திட்டத்தில் (1975இல் தொடங்கிய திட்டம், நானும் அதில் படித்து வந்தவன்தான்) கிடைக்கும் நூல்களை ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவற்றை இன்னொரு பிள்ளை படிக்க வேண்டும். ஆகவே நெகிழி உறை கட்டாயம். வீட்டில் போட்டு வர இயலாத பிள்ளைகளுக்கு நானே போட்டுத் தருவேன். பசையுள்ள கண்ணாடி நெகிழியின் பின்தாளைச் சிறிது சிறிதாக உரித்து, அடிக்கோலால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போனால் ஒரு காற்றுக் குமிழிகூட நிற்காது. 27 ஆண்டுகளாகச் செய்து கைக்குப் பழகிய வேலை. என் உறையைப் பார்த்து, “கடையில் போட்டதா ஐயா?” என்று பெற்றோர் கேட்டதுண்டு.

அந்தப் பெருமைதான் சென்ற ஆண்டு என்னைக் கவிழ்த்தது.

சென்ற ஆண்டு ஒரு மைவி வாங்கினேன். அடர்நீலம். 9 ஆண்டுக் கடன். கடைசித் தவணையைக் கட்டும்போது நான் பணி ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அதாவது, என் வாழ்க்கையில் நான் வாங்கும் கடைசி மகிழுந்து இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மனைவி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் இதன் மேனி ஓய்வூதியக் காலம் வரைக்கும் தாங்க வேண்டுமல்லவா?

என் பழைய வீராவின் மேனி தாங்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்து கிள்ளானில் பணியாற்றுபவன் நான். நாள்தோறும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போக வேண்டும், அதே அளவு திரும்ப வேண்டும். கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்குத் தெரியும், சக்கரத்திலிருந்து சிறு கல் தெறித்துப் போனட்டில் ‘டிக்’ என்று விழும்போது நெஞ்சிலும் ஒன்று விழும். பதினெட்டு ஆண்டுகளில் வீராவின் முகம் அம்மைத் தழும்பு போட்டதுபோல் ஆகிவிட்டது. தழும்பெல்லாம் துருவாயிற்று.

வீட்டுப் பக்கம் வேறு தொல்லை. எங்கள் அடுக்ககத்தில் கூரையில்லாத நிறுத்துமிடம். மேலே மரம், மரத்தில் காகம், சற்றுத் தள்ளி இரயில் தடம். இரயில் சக்கரமும் தடையும் உராய்வதால் பறக்கும் இரும்புத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் வண்டியின் மேல் படிந்து, மழையில் துருப்பிடித்துச் சாயத்துக்குள் ஊசிமுனைபோல் இறங்கும். காக எச்சமோ அதைவிடக் கொடிது. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலமும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால், பிற்பகலுக்குள் சாயத்தின் மேல்பூச்சில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு தடம் பதிந்துவிடும். கழுவினால் எச்சம் போகும், தடம் போகாது.

(காகத்தைத் திட்டவும் மனம் வருவதில்லை. நம் வட்டாரத்து வீட்டுக் காகங்கள், 1890களில் காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, காப்பி அழிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்ட கூட்டம். நம் கதையும் அதுதானே!)

ஆகவே புது வண்டிக்குச் சாயக் காப்புப் படலம் ஒட்டுவதென்று முடிவு செய்தேன். பட்டறைகளில் ‘பி.பி.எஃப்.’ என்பார்கள். சிலர் இதைக் கண்ணாடிக்கு ஒட்டும் ‘டின்டட்’ என்று எண்ணிக் குழம்புகிறார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. ஒளி ஊடுருவலுக்கு வைத்திருக்கும் வரம்பு, அதாவது முன்கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன்பக்கச் சன்னல்களுக்கு 50 விழுக்காடு என்பது, கண்ணாடிக்கு உரியது. நான் சொல்வது இரும்பின் மேல், சாயத்தின் மேல் ஒட்டப்படும் நிறமற்ற படலம்.

இதன் பிறப்பு போர்க்களத்தில். வியட்நாம் போரின்போது மணலும் கற்களும் அடித்து ஹெலிகாப்டர் விசிறிகளின் விளிம்பு தேய்ந்ததால், அவற்றின்மேல் ஒட்டுவதற்குப் பாலியூரித்தேன் என்னும் மீள்தன்மையுள்ள பொருளால் 3எம் நிறுவனம் ஒரு படலம் செய்து கொடுத்தது. பின்னர் அது பந்தயக் கார்களுக்கு வந்து, அங்கிருந்து நம்மைப் போன்றோர் வண்டிக்கும் இறங்கியது. இன்று விற்கும் நல்ல படலங்கள் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் கனம் கொண்டவை. இந்த எண்ணைப் பார்த்து ஏளனம் செய்ய வேண்டாம். தொழிற்சாலையில் பூசி வரும் சாயம், அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். ஒட்டுகிற சட்டை உடம்பின் தோலைவிடத் தடிப்பு! படலத்தின் மேற்பரப்பில் விழும் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தாமே மறைவதும் உண்டு. ஆழமான வெட்டு மறையாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று பட்டறைகளில் விலை கேட்டேன். முழு வண்டிக்குச் சொன்ன தொகையை இங்கே எழுதினால் என் மனைவி மறுபடியும் கோபித்துக்கொள்வார். போனட், முன்பம்பர், பக்கக் கண்ணாடிகள் ஆகியவற்றுக்கு மட்டும் 2,400 ரிங்கிட் என்றார்கள். இணையத்தில் தேடினால், 1.52 மீட்டர் அகலத்தில் போனட்டுக்குப் போதுமான படலம் 430 ரிங்கிட். இரப்பர்த் தகடு, தெளிப்பான், கத்தி எல்லாம் சேர்த்து இன்னும் 90. மீதி 1,880 ரிங்கிட்டும் கூலிதானே என்று மனம் கணக்குப் போட்டது. நெகிழி உறை ஒட்டுவதற்கு இவ்வளவு கூலியா? நான் ஆண்டுக்கு ஐம்பது புத்தகத்துக்குக் கூலியில்லாமல் ஒட்டுகிறேனே!

மகன் நான்காம் படிவம் படிக்கிறான். அவனும் நானும் இரண்டு வாரம் காணொளிகள் பார்த்தோம். காணொளியில் ஒருவர் பேசிக்கொண்டே பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு போனட்டை முடித்துவிடுகிறார். மனைவி மட்டும் ஒன்று சொன்னார்: “ஐந்து ரிங்கிட் புத்தகம் கெட்டால் வேறு வாங்கலாம்.” அதற்கு மேல் பேசவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு வண்டியைக் கொண்டு போனோம். அவர் வீட்டு முன்புறத்தில் கூரை உண்டு, நிழல் உண்டு, நீர்க்குழாயும் உண்டு. முந்திய நாளே நன்றாகக் கழுவியிருந்தோம். கழுவிய பிறகு மெல்லிய நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு போனட்டைத் தடவிப் பார்க்கும்படி மகன் சொன்னான். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடமெல்லாம் பைக்குள்ளிருந்து தடவும்போது மணற்தாள்போல் நெருடியது. நான் சொன்ன இரயில் துகள்தான்! வாங்கி நான்கு மாதம் ஆகவில்லை. அதை எடுக்கவென்று களிமண்போல் ஒரு கட்டி விற்கிறார்கள். சவர்க்கார நீர் தெளித்து அதைத் தேய்த்து எடுக்கவே இரண்டு மணி நேரம் போயிற்று. இந்த ஒரு வேலையை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம் என்று பின்னர் பாராட்டுக் கிடைத்தது. பாராட்டு அத்தோடு சரி.

படலம் ஒட்டும் முறை புத்தக உறை போடும் முறைக்கு நேர் எதிரானது என்பது முதல் ஐந்து நிமிடத்தில் விளங்கியது. புத்தகத்துக்கு உலர்ந்த நிலையில், கொஞ்சம் கொஞ்சமாக உரித்து ஒட்டுகிறோம். இதில் பின்தாள் முழுவதையும் ஒரே வீச்சில் உரித்து, பசைப் பக்கமும் போனட்டும் சொட்டச் சொட்டச் சவர்க்கார நீர் தெளிக்க வேண்டும். (குழந்தைகளின் தலைக்குழைப்பு சில துளி கலந்த நீர்.) நீர் இருக்கும்வரை படலம் மிதக்கும், தள்ளி நகர்த்தலாம். இடம் சரியானதும் இரப்பர்த் தகட்டால் நடுவிலிருந்து நீரை வெளியே தள்ள வேண்டும். ஓரம் பிடிக்காத இடத்தில் ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்தால் பசை பற்றிக்கொள்ளும். எழுதும்போது எவ்வளவு எளிது!

பத்து மணிக்கு உரித்தோம். நான் ஒரு பக்கம், மகன் மறுபக்கம், மைத்துனர் தெளிப்பான். காற்று சற்று வீசியது. படலம் படபடத்து ஒரு மூலை மடங்கி, பசையோடு பசை ஒட்டிக்கொண்டது. பிரிப்பதற்குள் என் பத்து விரல் ரேகையும் பசையில் பதிந்துவிட்டது. அந்தப் பக்கத்து வெயில் தூண் நிழலைத் தாண்டி போனட்டின் பாதிக்கு வந்தது. வெயில் பட்ட இரும்பில் தெளித்த நீர் அரை நிமிடம் தங்கவில்லை. ஒரு பக்கம் இன்னும் மிதக்கிறது, மறுபக்கம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சுருக்கத்தை எடுக்க இழுத்தேன். இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, அதில்தான் ஆபத்து. அளவுக்கு மீறி இழுத்த இடத்தில் பசை வெள்ளிக் கோடுகளாய் வெளுத்தது. கூரையிலிருந்து ஓர் ஒட்டடை வேறு இறங்கி, எங்கள் மூவர் கண்முன்னே படலத்துக்கு அடியில் நிரந்தரக் குடியுரிமை பெற்றது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஓரத்தில் தொங்கிய மிகுதியை அறுக்க வேண்டியிருந்தது. காணொளியில் அவர் கத்தியைப் போனட்டின் விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறார். நானும் இழுத்தேன். வகுப்பில் அட்டை அறுக்கும் கைதானே! எந்த அளவு அழுத்தினால் 200 மைக்ரான் அறுபடும், அடுத்த 100 மைக்ரான் அறுபடாது என்பது அட்டை அறுத்த கைக்குத் தெரியாது. மிகுதித் துண்டு அழகாகக் கழன்று வந்தது. மகன்தான் முதலில் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சாண் நீளத்துக்கு, முடியிழை போல் ஒரு வெள்ளைக் கோடு. விரல் நகத்தை வைத்தால் தட்டியது.

“அப்பா, போதும்,” என்றான் சிறிது நேரம் கழித்து.

மைத்துனர் தேநீர் கொண்டு வந்தார். யாரும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும்போது, படலத்தின் முன்விளிம்பு உரிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பக்கத்து வண்டிக்காரர் வேறு சன்னலை இறக்கிக் கைகாட்டி, வாகனத்தில் ஏதோ கழன்றுவிட்டது என்று எச்சரித்தார்.

உரித்து எடுக்கவாவது தெரிந்தவரிடம் போக வேண்டுமென்று, உடன் பணியாற்றும் ஆசிரியை சொன்ன ஒரு பட்டறைக்குப் போனேன். கிள்ளானில் வரிசைத் தொழிற்கூடங்களுக்கு நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத சிறு இடம். உரிமையாளருக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும், கையிலிருந்த கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, “உட்காருங்க ஐயா,” என்றார். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்தவர். புகுமுக வகுப்பு ஓராண்டு, அதன்பின் மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. ஜொகூரில் வண்டி கழுவும் கடையில் தொடங்கி, பிறகு ஒருவரிடம் இந்தத் தொழிலைக் கற்றிருக்கிறார்.

என் கைவண்ணத்தைச் சுற்றி வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அந்த நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன். வெள்ளைக் கோட்டில் நகத்தை வைத்தார். பிறகு சாயத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவியைப் போனட்டின் படலம் இல்லாத ஓரத்தில் வைத்துக் காட்டினார். 108 என்றது.

“இது ஃபிலிமில் விழுந்த கோடு இல்லை ஐயா. சாயத்தில் இறங்கியிருக்கிறது. நல்ல வேளை, இரும்பு வரை போகவில்லை. தொட்டுப் பூசினால் துரு வராது. ஆனால், கிட்டே வந்து பார்த்தால் தெரியும்.”

“போனட் முழுவதும் மறுபடி சாயம் அடித்தால்?”

“அடிக்கலாம். அடித்தால் சாயம் நன்றாக இறுக நாலு வாரமாவது விட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஃபிலிம். அப்புறம் ஒரு நாள் ஃபிலிமைக் கழற்றும்போது, கம்பெனிச் சாயம் வராது. வெளியில் அடித்த சாயம் கூடவே உரிந்து வந்தாலும் வரும். இந்தக் கோட்டை இப்படியே வைத்துக்கொள்வது நல்லது ஐயா.”

வைத்துக்கொண்டேன். இன்றும் இருக்கிறது.

படலத்தை அவர் கழற்றிய விதத்தைப் பார்க்க வேண்டும். நான் வீட்டில் நிமிர்த்திப் பிடித்துப் பிய்த்திருப்பேன். அவர் வெப்பக் காற்றால் இளக்கி, தாழ்வாக, போனட்டோடு படிந்த கோணத்தில், மிக மெதுவாக இழுத்தார். பசை மிச்சமில்லாமல் வந்தது. மகனைப் பார்த்து, “தம்பி, அந்தப் பக்கம் பிடி. இழுக்காதே, சும்மா பிடி,” என்றார். அவன் பிடித்தான்.

அன்று மாலை வரை அங்கே இருந்தோம். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வேலை செய்துகொண்டே விடை சொன்னார். அந்தப் பட்டறையில் கத்தி, வண்டியைத் தொடுவதில்லை. ஒவ்வொரு வகை வண்டிக்கும் உரிய அளவு கணினியில் இருக்கிறது. அறுக்கும் இயந்திரம் படலத்தை அதன் பின்தாளிலேயே அறுத்துக் கொடுத்துவிடுகிறது. தெளிக்கும் நீர் வடிகட்டிய நீர். தரையை ஈரமாக்கி வைத்திருக்கிறார்கள், தூசு எழாமல் இருக்க. ஒட்டும் நேரத்தில் விசிறி ஓடாது. கதவு மூடியிருக்கும். வியர்வை போனட்டில் சொட்டக்கூடாதென்று நெற்றியில் துணி கட்டியிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தூசு போய்விட்டால் அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அறுக்கிறார். அதன் விலை அவருடையது, வாடிக்கையாளருடையது அன்று. நான் கூலி என்று கழித்துப் பார்த்த 1,880 ரிங்கிட்டில் இதுவும் அடங்கியிருந்தது.

“இதுவரை எத்தனை போனட் பாழாகியிருக்கும், தம்பி?” என்று கேட்டேன்.

“நான் கணக்கு வைக்கவில்லை ஐயா. பழைய முதலாளி வைத்திருந்தார். முதல் ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே வந்தார்,” என்று சிரித்தார்.

இதைச் சொல்வதால், பட்டறை என்றாலே நம்பி ஒப்படைத்துவிடலாம் என்று பொருளில்லை. நான் முதலில் விலை கேட்ட இடங்களில் ஒன்றில், வண்டியின் மேலேயே வைத்து அறுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது அதன் பொருள் விளங்கவில்லை. பாலியூரித்தேன் படலம் என்று சொல்லி விலை குறைந்த பி.வி.சி.யை ஒட்டிவிடுபவர்களும் இத்தொழிலில் உண்டு என்றார் அவர். பி.வி.சி. நம் ஊர் வெயிலில் விரைவில் மஞ்சளாகி, விறைத்து, கழற்றும்போது துண்டு துண்டாக உடையும். ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எங்கே வைத்து அறுக்கிறீர்கள், படலம் எந்த வகை, விளிம்பு உள்பக்கம் மடங்குமா அல்லது ஓரத்துக்கு முன்பே நிற்குமா என்றெல்லாம் கேளுங்கள். (ஓரத்துக்கு முன்பே நின்றால் அந்தக் கோட்டில் அழுக்குச் சேரும், அது குற்றமில்லை, ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.) உத்தரவாதம் தருவது கடையா, படலம் செய்த நிறுவனமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாமே ஒட்டினால் நிறுவனத்தின் உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது. முடிந்தால், அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புது வேலை எல்லாருக்கும் பளபளக்கும்.

நாமே செய்யக்கூடியவையும் உண்டு. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் நகக் கீறல் விழும் குழி, கதவின் விளிம்பு, பொருள் ஏற்றி இறக்கும் பின்பக்கத்து விளிம்பு, இவற்றுக்கு அளவாக அறுத்த சிறு துண்டுகள் கிடைக்கின்றன. உள்ளங்கை அளவு. கெட்டால் பத்து இருபது ரிங்கிட்டோடு போயிற்று. கத்தி தேவையே இல்லை. நாங்கள் நான்கு கதவுக்கும் போட்டோம். மூன்றாவது கதவில் மட்டும் ஒரு குமிழி இருக்கிறது. போனட், பம்பர் பக்கம் போகாதீர்கள். பம்பர் நாலு திசையிலும் வளைகிறது; அதில் படலம் ஒட்டுவதைப் பார்த்த பிறகு என் புத்தக உறையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். தொட்டுப் பூசிய சாயம் இறுகிய பிறகு போனட்டும் பம்பரும் அவரே ஒட்டிக் கொடுத்தார். ஆக மொத்தம், என் சிக்கனத்தால் எனக்கு 520 ரிங்கிட்டும் ஒரு கோடும் கூடுதல் செலவு.

வண்டிக் கதை இவ்வளவுதான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு என்னைத்தான் எழுப்புவார்கள். எனக்கு அது மனப்பாடம். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம், மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் எஸ்.கே.எம். முதல் மூன்று நிலைகள், அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமா, தொழிற்கல்லூரிகள் என்று அடுக்குவேன். கையால் செய்யும் தொழில் தாழ்ந்ததன்று என்று முடிப்பேன். கைத்தட்டல் வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் எழுந்து, “உங்க மகனை அனுப்புவீங்களா ஐயா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “அது அவன் விருப்பம் அம்மா,” என்று சொல்லி அடுத்த அங்கத்துக்குப் போய்விட்டேன்.

அவன் விருப்பத்தை நான் கேட்டதே இல்லை. அறிவியல் பிரிவு, எஸ்.பி.எம்., பிறகு மெட்ரிகுலேஷன், பிறகு பல்கலைக்கழகம் என்று நானே எழுதி, நானே உறையும் போட்டு வைத்திருந்தேன்.

அந்தப் பட்டறையில் அவன் நான்கு மணி நேரம் நின்றான். கைப்பேசியை எடுக்கவில்லை. வேதியியல் பாடத்தில் ஒரு கேள்வி கேட்காத பிள்ளை, பசை ஏன் நீரில் பிடிப்பதில்லை, ஆல்கஹால் ஏன் பிடிக்க வைக்கிறது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவருக்குக் காரணம் தெரிந்த அளவு சொன்னார். தெரியாததை, “தெரியாது தம்பி, நீ படித்துச் சொல்,” என்றார். வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் நெரிசல். வண்டி நின்றுகொண்டிருந்தபோது, “அப்பா, சனிக்கிழமை அங்கே போகட்டுமா? சம்பளம் வேண்டாம், பார்க்க மட்டும்,” என்றான். எனக்கு உடனே வாய்க்கு வந்தது, “டியூஷன் இருக்கிறதே” என்பது. சொல்லிவிட்டேன். ஆசிரியர்தானே, வாய் முந்திக்கொண்டது. சுபாங் வரை அவன் பேசவில்லை.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிடக் கவலை அதிகம். பிள்ளை ஆர்வத்தில் படிப்பை விட்டுவிடுவானோ என்ற கவலை. அது வீணான கவலை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள் எல்லாரும் பட்டறை வைத்துவிடுவதில்லை. எப்படியோ போய்விட்ட என் பழைய மாணவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். அந்த உரிமையாளரிடமே தொலைபேசியில் கேட்டேன். “வரட்டும் ஐயா. ஆனால் எஸ்.பி.எம். எழுதாமல் இங்கே வேலைக்குக் கேட்டால் நான் சேர்க்க மாட்டேன், அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். படலம் செய்த கம்பெனியின் பயிற்சித் தாளெல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது, நான் ஒரு பக்கம் படிக்க ஒரு நாள் ஆகிறது,” என்றார்.

டியூஷனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம்.

ஏழு வாரங்களாகச் சனிக்கிழமை காலை அவனைக் கொண்டுபோய் விடுகிறேன். முதல் மூன்று வாரம் வண்டி கழுவுதல், களிமண் கட்டி தேய்த்தல் மட்டும்தான். சென்ற வாரம் முதன்முறையாக ஒரு பக்கக் கண்ணாடியின் மூடியை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். மாலை அழைத்துவரப் போனபோது முகம் தொங்கியிருந்தது. இழுத்த இழுப்பில் படலம் வெளுத்துவிட்டதாம். அதே வெள்ளிக் கோடுகள்.

“அண்ணன் திட்டினாரா?”

“இல்லப்பா. ஒன்றும் சொல்லவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று அறுத்துக் கொடுத்தார்.”

“அது?”

“அதுவும் கெட்டுப் போச்சு,” என்றான். பிறகு, வண்டியில் ஏறி இடைவாரைப் போட்டுக்கொண்டே, “மூன்றாவது ஒட்டிவிட்டது,” என்றான்.